நாற்பத்து மூன்றாம் வளைவு

நாமக்கல்
9.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ரமேஷ்குமார் எழுதுவது. போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடுதாசியை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடு.

மாமா போய் மூன்று மாதம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியத்தில் அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "காரு சத்தம் போடுதுன்னு நடுக்காட்டுல நிறுத்தி எம்புருசனக் கொன்னுட்டியே சாமி." அப்போதும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிட்டாய். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஏன் நிறுத்தினேன் என்று உன்னிடம் ஒழுங்காகச் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. மாமா பின்சீட்டில் உன் மடியில் படுத்திருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மலைமேல் சோளக்காடு சந்தை தாண்டி வளைவுகளில் இறங்க ஆரம்பித்ததும் பின்னாலிருந்து சர்ர்ரென்று ஒரு சத்தம். வளைவில் திருப்பும்போது மட்டும் வரும், ரோடு நேரானால் நின்றுவிடும். சக்கரத்துக்குள் இருக்கிற பேரிங் தேய்ந்தால் அப்படித்தான் சத்தம் வரும். மலை இறக்கத்தில் அது பிடித்துக்கொண்டால் சக்கரமே கழன்றுவிடும். மூன்று பேரும் பள்ளத்தில் கிடந்திருப்போம். அதனால்தான் நாற்பத்து மூன்றாம் வளைவில் நிறுத்தினேன். ஜாக்கி போட்டு இரண்டு பின்சக்கரத்தையும் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மேல் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டினேன். நிறுத்தியதில் இருபத்தைந்து நிமிடம், மெதுவாகப் போனதில் பதினைந்து நிமிடம். "அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா" என்று அந்த டாக்டர் இழுத்தபோது நீ என் முகத்தைப் பார்த்தாய்.

காரைக் கம்பெனி சர்வீஸுக்கு இரண்டு தடவை விட்டேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்கிறார்கள். கதவு சரியாகச் சாத்தாவிட்டால் கத்துகிற கார், பெல்ட் போடாவிட்டால் கத்துகிற கார், இதை மட்டும் எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறது.

அந்தச் சத்தம் உண்மையான கோளாறு என்றால் நான் மூன்று உயிரைக் காப்பாற்றத்தான் நிறுத்தினேன். ஒன்றுமில்லாத சத்தம் என்றால் நீ சொன்னதுதான் சரி. எது என்று தெரியாமல் என்னால் சாப்பிட முடியவில்லை அக்கா.

உன் தம்பி
ரமேஷ்குமார்


திருப்புலி நாடு
20.6.2024

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன்.

நிமிடத்தை எல்லாம் பிரித்து எழுதியிருக்கிறாய். தீவன மில்லில் மக்காச்சோளத்துக்கு ஈரம் பார்க்கிறவன்தானே, உனக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் ஆகும். என் மடியில் அவர் உடம்பு எப்படிச் சில்லிட்டுக்கொண்டே வந்தது என்று நான் எந்த அளவில் எழுதட்டும்?

நீ ஜாக்கியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் தண்ணீர் கேட்டார். பாட்டில் முன்சீட்டில் இருந்தது. அவர் தலையை இறக்கி வைக்க மனசு வராமல் உன்னைக் கூப்பிட்டேன். "ஒரே நிமிசம்க்கா" என்றாய். அது எத்தனை நிமிடம் என்று உன் கடுதாசியில் இல்லை.

எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அன்றைக்கு நீ திரும்பித் திரும்பிக் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். இனிமேல் அந்தச் சத்தத்தைப் பற்றி எனக்கு எழுதாதே. காரை விற்றுவிட்டு உன் வேலையைப் பார்.

அப்பா இல்லாமலே யமுனாவைக் கீழே காலேஜில் சேர்த்தாயிற்று. உன் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அருணா


நாமக்கல்
14.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். ஆனாலும் எழுதுகிறேன். தண்ணீர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நீ கூப்பிட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது, எதற்கு என்று ஞாபகம் இல்லை. உன் கடுதாசி வந்த நாளிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கோகுல்நாத் என்று ஒரு மெக்கானிக் கிடைத்திருக்கிறார். சேந்தமங்கலம் பக்கத்துக்காரர், பொறுமைசாலி. சிகரெட் டப்பா அளவில் ஆறு மைக் வைத்திருக்கிறார், ஒவ்வொன்றிலும் காந்தம் ஒட்டியிருக்கிறது. காருக்கு அடியில் ஆறு இடத்தில் ஒட்டவைத்துவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் கேட்கிறார். முதல் நாள் காருக்குள் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார். ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், பிள்ளையார் பொம்மை எல்லாம். அப்புறம் நான் ஓட்ட, அவர் டிக்கிக்குள் படுத்துக்கொண்டு வந்தார். ராசிபுரம் வரை போய்த் திரும்பினோம். சத்தம் வரவே இல்லை.

"ஏனுங்க, நெசமாலுமே சத்தம் வந்துச்சுங்களா? இல்ல, அன்னிக்கிருந்த பதட்டத்துல..." என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாமாவும் கேலி செய்வார், ஞாபகம் இருக்கிறதா? "மாப்ள, காருக்கு இன்சூரன்ஸ் போட்டது போதாது, உங்காதுக்கும் ஒண்ணு போட்டுரு" என்பார். எனக்குக் கொஞ்சம் காது கூர்மைதான். ஆனால் இல்லாத சத்தம் எனக்குக் கேட்காது.

சமதளத்தில் அது வராது என்று அப்புறம்தான் உறைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை கோகுல்நாத்தோடு மலை ஏறினேன். முப்பது வளைவு தாண்டுவதற்குள் வந்துவிட்டது. சர்ர்ரென்று அதே சத்தம். அவரும் கேட்டார். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன் அக்கா. சந்தோஷம்தான். எனக்குப் பைத்தியம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

பின்பக்கம், இடதுபுறம் என்று மைக்கில் தெரிகிறது. பேரிங்காக இருக்கலாம் என்கிறார். காருக்குள் ஏதாவது உருளுகிறதா, மூட்டை கீட்டை ஏற்றினீர்களா என்றும் கேட்டார். இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டேன். நான் கோயம்புத்தூருக்குப் பயிற்சிக்குப் போன ஒன்பது நாள் கார் உன் வீட்டில்தான் நின்றது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது மிளகு வாசம் அடிக்கிறதே என்று கேட்டேன். நீ மாமா தலைமேல் கை வைத்து இல்லை என்று சொன்னாய். அதற்கு மேல் அந்தப் பக்கம் யோசிக்க என்ன இருக்கிறது?

உன் தம்பி
ரமேஷ்குமார்


திருப்புலி நாடு
2.8.2024

தம்பிக்கு,

நீ மலைக்கு வந்ததை நீ எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. பூசாரி சின்னக்கண்ணு பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார். "உந்தம்பி நாப்பத்தி மூணாம் வளைவுல காருக்கடியில படுத்துக் கெடந்தான், ஏதாச்சும் அடிபட்டுருச்சா?" என்று பதறிக்கொண்டு வந்து கேட்டார். அடியெல்லாம் இல்லை, அவனுக்கு அதுதான் இப்போது வேலை என்றேன்.

அந்த இடத்தில் உன்னால் எப்படிப் படுக்க முடிந்தது? எனக்குப் பஸ்ஸில் அந்த வளைவைக் கடக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொள்கிறேன். மூடினாலும் எத்தனையாவது வளைவு என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

நாளைக்கு ஆடிப் பதினெட்டு. ஊரே கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. நான் போகவில்லை. இனி அந்தச் சாமி முகத்தில் விழிக்க எனக்கு ஆகாது.

கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறாய்? கோளாறு என்று தெரிந்தால் அவர் எழுந்து வந்துவிடுவாரா? விட்டுவிடு தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன். எனக்காக விடு.

அருணா


நாமக்கல்
25.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பேரிங்தான்!

இடது பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பேரிங்கில் லேசாக ஆட்டம் இருக்கிறது. "ஆட்டம் இருக்குதுங்க, கொஞ்சம்தான், ஆனா இருக்குது" என்றார் கோகுல்நாத். வாங்கி எட்டு மாதம் ஆன காரில் பேரிங்கில் ஆட்டம் இருக்கவே கூடாதாம். புதிது மாட்டியாயிற்று. பழையதைத் துணியில் சுற்றி மேஜைமேல் வைத்திருக்கிறேன். அடிக்கடி எடுத்து விரலில் மாட்டிச் சுற்றிப் பார்க்கிறேன்.

நான் சும்மா நிறுத்தவில்லை அக்கா. அந்தத் தண்ணீருக்கு எனக்கு மன்னிப்பு கிடையாது, அது தெரியும். ஆனால் நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது. இந்த ஒன்றை மட்டும் நீ ஒத்துக்கொள்.

உன் தம்பி
ரமேஷ்குமார்


திருப்புலி நாடு
5.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடுதாசி வந்தது. மூன்று தடவை படித்தேன்.

ஒத்துக்கொள்கிறேன் கண்ணு. பேரிங்தான். நீ நிறுத்தியது சரிதான். அன்றைக்குக் காரியத்தில் வைத்து அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, என் வாய்க்குப் புத்தி இல்லை. யமுனாவிடமும் சொல்லிவிட்டேன், மாமன்மேல் தப்பில்லை என்று. இந்தத் தடவை எழுந்து போகவில்லை.

இதோடு விட்டுவிடு. இனிமேல் அந்த மெக்கானிக்கிடம் போகாதே, காரைப் பிரிக்காதே. தீபாவளிக்கு இங்கே வா. ராகிக் களியும் கோழிக் குழம்பும் செய்கிறேன். பஸ்ஸிலேயே வா, கார் வேண்டாம்.

நன்றாகச் சாப்பிடு.

அக்கா


நாமக்கல்
29.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடுதாசியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இப்போது எடுத்து வைத்துவிட்டேன். அது எனக்குச் சேர வேண்டியதில்லை.

பேரிங் மாற்றியபின் நான் மலை ஏறிப் பார்க்கவே இல்லை. பார்க்காமலேதான் உனக்கு எழுதினேன். பயம். நேற்று ஏறினேன். இருபத்தாறாவது வளைவில் சர்ர்ரென்றது. அங்கேயே காரைத் திருப்பிக் கீழே வந்துவிட்டேன்.

அந்தப் பழைய பேரிங்கைக் கோகுல்நாத் மறுபடி பார்த்தார். அதிலிருந்த ஆட்டம் ஒன்றுமே இல்லையாம். நான் இவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டதால் அவருக்கும் இருப்பது போலத் தெரிந்ததாம். நல்ல மனிதர். எனக்காகப் பொய் சொன்னது அவருக்கே தெரியவில்லை.

தீபாவளிக்கு வரமாட்டேன். எந்த முகத்தோடு உன் கையால் வாங்கிச் சாப்பிடுவேன்? சீட்டு, தரைவிரிப்பு, பின்பக்கத் தகடு எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டேன். வேலைக்கு ஒழுங்காகப் போகவில்லை. மில்லில் இரண்டு லோடு ஈரச் சோளத்தை நல்லது என்று எழுதி உள்ளே விட்டுவிட்டேன். முதலாளி தோளைத் தட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

ரமேஷ்குமார்


திருப்புலி நாடு
10.10.2024

தம்பி,

பிரிக்காதே. உன் காலில் விழுகிறேன், பிரிக்காதே.

அக்கா


நாமக்கல்
17.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கண்டுபிடித்தாயிற்று. மிளகு.

பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில், பெல்ட் சுருள் இருக்கிற இடத்தில் ஒரு சின்னச் சந்து இருக்கிறது. அது வழியாக உள்ளே போனால் கதவுக்குக் கீழே நீளமாக, தகரக் குழாய் போல ஒரு வெற்றிடம். காரின் எலும்பு அது என்றார் கோகுல்நாத். அதற்குள் கையை விட்டு இரண்டு பிடி மிளகை அள்ளி வெளியே போட்டார். சமதளத்தில் அசையாமல் கிடக்கும். மலைச்சரிவும் திருப்பமும் சேர்ந்து வந்தால் மொத்தமும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு உருளும். அவ்வளவுதான் சத்தம். அதனால் ஒரு சக்கரமும் கழன்றிருக்காது. நேராக ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

பொங்கலுக்கு நீ கொடுத்தனுப்பினாயே, இரண்டு கிலோ மிளகு, அந்தப் பைதான் டிக்கியில் கவிழ்ந்திருக்க வேண்டும். வாயைச் சரியாகக் கட்டாமல் வைத்திருப்பேன். ஊரில் எல்லாருக்கும் சுத்தம் சொல்கிறவன் நான். என் கையால் கொட்டிய மிளகு, என் காதில் கேட்ட சத்தம், என் காலால் மிதித்த பிரேக். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. நீ பதினாறாம் நாளே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாய். எனக்குத்தான் எட்டு மாதம் ஆகியிருக்கிறது.

"பேரிங்னே இருக்கட்டுமுங்க. மாத்துனதுக்கு பில்லு இருக்குது, அக்காகிட்ட அதையே காட்டுங்க, நானும் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார் கோகுல்நாத். யோசித்தேன் அக்கா. பொய் சொல்ல மாட்டேன், இரண்டு நாள் யோசித்தேன். முடியவில்லை.

இதோடு பதினொரு மிளகு வைத்திருக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை. மாமா காய வைத்த மிளகுதானே, உன்னிடமே இருக்கட்டும்.

ரமேஷ்குமார்


திருப்புலி நாடு
1.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

பத்து நாளாக இந்தக் கடுதாசியை எழுதுகிறேன். நீயே பழியை எடுத்துக்கொண்டாய். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

உன் பொங்கல் பை இல்லை அது. நீ கோயம்புத்தூர் போயிருந்தபோது சந்தைக்கு இரண்டு மூட்டை மிளகு போக வேண்டியிருந்தது. வழக்கமாக வருகிற வண்டி வரவில்லை. உன் மாமா உன் காரை எடுத்தார். நான் வேண்டாம் என்றேன், எடுத்தார். சோளக்காட்டில் இறக்கும்போது ஒரு மூட்டை டிக்கிக் கொக்கியில் மாட்டிக் கிழிந்து உள்ளேயே கொட்டிவிட்டது. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாரினோம். "உந்தம்பிக்குத் தெரிஞ்சா ஒரு மாசத்துக்குக் காரக் கழுவிக்கிட்டே கெடப்பான், சொல்லிராத" என்று சிரித்தார். திரும்பி வரும் வழியில், சந்தை தாண்டி வளைகிற இறக்கத்தில் சர்ர்ரென்றது. "பாரு, மிச்ச மெளகு பாட்டுப் பாடுது" என்றார்.

நீ வந்து மோந்து பார்த்துக் கேட்டாய். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் விளையாட்டாக அவர் தலைமேல் கை வைத்து, "இவுங்க மேல சத்தியமா இல்ல சாமி" என்றேன். கை வைத்ததும் அவர் சிரிப்பு நின்றது. உனக்குத் தெரியும், நம் மலை நாட்டில் புருஷன் தலையில் கை வைத்து யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். நான் சொன்னேன், ஒரு கார் அழுக்கானதற்காக. நான்காம் நாள், நீ காரை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே, அவருக்கு நெஞ்சு வலி வந்தது.

முதல் வளைவிலேயே எனக்குச் சத்தம் கேட்டது. என்னவென்றும் தெரிந்தது. "அக்கா, சத்தம் கேக்குதா?" என்றாய். "எனக்கொண்ணும் கேக்குல" என்றேன். நீ நிறுத்தினாய், இறங்கினாய், ஜாக்கியைத் தேடினாய். "மெளகுடா, வண்டிய எடு" என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. நான் வாயைத் திறந்து சொன்னால் அந்தச் சத்தியம் பொய் என்று ஆகிவிடும், அவர் என் மடியில் கிடக்கும்போதே ஆகிவிடும் என்று பயந்தேன். என் வாயால் சொல்லாத வரை அது சாமி காதில் விழாது என்று நினைத்தேன். இவன் பார்த்துவிட்டு இப்போது வந்துவிடுவான், இப்போது வந்துவிடுவான் என்றே இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது.

அவருக்கும் கேட்டது தம்பி. சத்தம் வந்தபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பேச முடியவில்லை. சொல்லிவிடு என்று பார்த்தாரா, சொல்லாதே என்று பார்த்தாரா, எனக்குத் தெரியவில்லை. அந்தப் பார்வையோடுதான் நான் தினமும் அடுப்பு மூட்டுகிறேன்.

பதினாறாம் நாள் உன்மேல் பாய்ந்தேனே, அது உன்னைப் பார்த்துச் சொன்னதில்லை.

நீ அனுப்பிய பதினொரு மிளகையும் அடுப்பில் போட்டேன். வீடெல்லாம் நெடி ஏறி இருமித் தீர்த்தேன். இந்த வருஷம் கொடியில் மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது. பறிக்க ஆள் சொல்லவில்லை.

அருணா


நாமக்கல்
22.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

படித்தேன். மூன்று வாரமாகப் பதில் எழுத வரவில்லை. உன்மேல் கோபம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வந்தது. நேற்று முழுக்க இருந்தது. பெரிதாகத்தான் இருந்தது. அந்த ஒரு மூச்சை நீ விட்டிருந்தால் என்று கத்தியே விட்டேன், வீட்டில் ஆள் இல்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

நீ சொல்லியிருந்தாலும் நான் இறங்கிப் பார்த்திருப்பேன். என்னை உனக்குத் தெரியாதா? மிளகு என்று நீ சொன்னால், மிளகாக இருந்தால் இப்படி ஏன் கேட்கிறது என்று உன்னோடு வாதாடியிருப்பேன். சக்கரத்தை ஆட்டிப் பார்க்காமல் நான் வண்டியை எடுத்திருக்க மாட்டேன்.

இதை உனக்குக் கொஞ்சம் ஆறட்டும் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். எழுதியபின் திருப்பிப் படித்தேன். நிஜம் போலவும் இருக்கிறது, பொய் போலவும் இருக்கிறது. எனக்கே தெரியவில்லை. நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள். ஆனால் இனி யார் மேலும் சத்தியம் செய்து என்னிடம் எதையும் சொல்லாதே.

கழற்றியதையெல்லாம் மறுபடி மாட்டிக் காரைக் கொடுத்துவிட்டார் கோகுல்நாத். வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன், உன் வீட்டுக்கு வருவதாகத்தான் கிளம்பினேன். சோளக்காடு வரை வந்தேன். அதற்கு மேல் நம் ஊர்ப் பக்கம் திருப்ப முடியவில்லை. டீக்கடை முன்னால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்பிவிட்டேன். மாசியில் வருஷ திதிக்கு வருவேனா என்றும் சொல்லத் தெரியவில்லை.

இறங்கும்போது கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, ஏசியை நிறுத்திவிட்டு, எழுபது வளைவிலும் காதைக் கொடுத்துக்கொண்டே வந்தேன். நாற்பத்து மூன்றில் இன்னும் மெதுவாகத் திருப்பினேன். ஒரு சத்தமும் வரவில்லை அக்கா.

ரமேஷ்குமார்